சிங்க் வாங்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி: தூத்துக்குடியில், கடற்கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தொலைவுக்குள் நாங்கள் கட்டிவரும் வீடு பூச்சு வேலை வரை வந்துவிட்டது. நானும் என் கணவரும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். இப்போது குடியிருக்கும் வாடகை வீட்டில், துருப்பிடிக்காது என்று சொல்லிப் பொருத்திய எவர்சில்வர் சிங்க் இரண்டே ஆண்டுகளில் புள்ளி புள்ளியாகத் துருவேறிவிட்டது. ஆகவே புது வீட்டுக்கு என்ன வாங்குவது என்று வீட்டில் பேச்சு ஓயவில்லை. மகள் கறுப்பு குவார்ட்ஸ் சிங்க் வேண்டும் என்கிறாள். கொத்தனார் கடப்பாக் கல்லில் தொட்டி கட்டித் தருவதாகச் சொல்கிறார். கடைக்காரர் ஒரு காந்தத்தை வைத்துக் காட்டி, "ஒட்டவில்லை பாருங்கள், இது 304 தான்" என்கிறார். குளியலறையில் மேடைமேல் வைப்பதற்கு வெள்ளை மார்பிள் கிண்ணம் ஒன்றையும் மகள் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறாள். மாநகராட்சித் தண்ணீர் தினமும் வராது. மற்ற நேரங்களில் போர் தண்ணீர்தான், அது உப்புக் கரிக்கும். எதை எங்கே பொருத்துவது என்று சொல்வீர்களா?

பதில்: அன்புள்ள அம்மா, வணக்கம். உங்கள் கடிதத்தில் கடைசியாக வந்த செய்தியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்பதும், வீடு கடலுக்கு அருகில் இருக்கிறது என்பதும்தான் உங்கள் சிங்க்கையும் வாஷ் பேசினையும் தீர்மானிக்க வேண்டியவை. கடையில் விளக்கொளியில் எல்லாப் பொருளும் பளபளவென்றுதான் இருக்கும். அதே பொருள் உங்கள் வீட்டுத் தண்ணீரில் மூன்றாம் ஆண்டு எப்படி இருக்கும் என்பதுதான் கேள்வி. முப்பது ஆண்டுகளாக வீடு கட்டும் தொழிலில் இருக்கும் நான், மேற்கு மாவட்டங்களில் பதினைந்து ஆண்டுகள் உழைத்த அதே வகை சிங்க், கடற்கரை ஊர் ஒன்றில் மூன்று ஆண்டுகளில் பழுப்பேறி நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

எனவே எதையும் வாங்கும் முன்பு போர் தண்ணீரையும் மாநகராட்சித் தண்ணீரையும் தனித்தனிப் பாட்டில்களில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்கள் மாவட்டந்தோறும் இருக்கின்றன. கட்டணம் செலுத்தினால் பொதுமக்களுக்கும் பரிசோதித்துத் தருவார்கள். அறிக்கையில் பல எண்கள் இருக்கும். சிங்க் வாங்குகிறவருக்கு அவற்றுள் இரண்டு போதும்: குளோரைடு, மொத்தக் கடினத்தன்மை. குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10500, குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்றும், வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1000 வரை போகலாம் என்றும் கூறுகிறது. கடினத்தன்மைக்கு அந்த அளவுகள் 200, 600. இவை குடிப்பதற்கான வரம்புகள்தாம். ஆயினும் குளோரைடு அதிகமானால் எஃகு அரிக்கும், கடினத்தன்மை அதிகமானால் எல்லாப் பொருளின் மேலும் வெள்ளைக் காரை படியும் என்பதால், சிங்க்குக்கும் இந்த இரண்டு எண்களே வழிகாட்டி.

எவர்சில்வர் ஏன் துருப்பிடிப்பதில்லை என்பது தெரிந்தால், உங்கள் வாடகை வீட்டு சிங்க்குக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதும் புரிந்துவிடும். அதில் உள்ள குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து, கண்ணுக்கே தெரியாத மெல்லிய ஆக்சைடு படலமாக மேற்பரப்பை மூடிக்கொள்கிறது. கீறல் விழுந்தாலும் காற்றுப் பட்டதும் அது தானாக மீண்டும் உருவாகிவிடும். அந்தப் படலத்தைக் குத்தித் துளைக்க வல்லது குளோரைடு, அதாவது உப்பு. குழாய் சொட்டிக்கொண்டே இருக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு சொட்டு விழுகிறது, வற்றுகிறது, உப்பு அங்கேயே தங்குகிறது. அடுத்த சொட்டு அந்த உப்பைக் கரைத்து, முன்னைவிட அடர்த்தியான உப்புநீராக நிற்கிறது. தண்ணீரில் லிட்டருக்கு 400 மில்லிகிராமாக இருந்த குளோரைடு, வற்றிக்கொண்டிருக்கும் அந்தச் சொட்டில் பல மடங்கு செறிந்துவிடும். சிங்க்கின் அடியில் விரித்த ரப்பர் விரிப்புக்குக் கீழேயும், ஈரத்தோடு கவிழ்த்து வைத்த பாத்திரத்தின் விளிம்பிலும் இதேதான் நடக்கிறது. அங்கே காற்றும் புகாது என்பதால், படலம் மீண்டும் உருவாகவும் வழியில்லை.

ஆனால் வாடகை வீட்டு சிங்க்கின் மேல் முழுப் பழியையும் போடுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் துருப் புள்ளியின் மேல் பூசி, பத்து நிமிடம் கழித்து, தேங்காய் நாராலோ மென்மையான பஞ்சாலோ தகட்டின் கோடு ஓடும் திசையிலேயே தேயுங்கள். பிறகு விரல் நகத்தால் அந்த இடத்தை வருடிப் பாருங்கள். புள்ளி மறைந்து நகம் வழுக்கிக்கொண்டு போனால் அது சிங்க்கின் துரு அல்ல. ஈரத்தோடு விட்ட இரும்புத் தோசைக்கல்லோ, கம்பி நாரிலிருந்து உதிர்ந்த துணுக்கோ விட்டுச் சென்ற கறை. மாறாக, நகம் சின்னக் குழியில் தடுக்கினால் தகடே அரிக்கப்பட்டுவிட்டது என்று பொருள். முதல் வகைக்குப் பழக்கத்தை மாற்றினால் போதும். இரண்டாவதற்கு மருந்து கிடையாது.

இனி கடைக்காரரின் காந்தம். அவர் உங்களை ஏமாற்றுகிறார் என்று நான் சொல்ல மாட்டேன். அவரும் அதை உண்மையென்றே நம்பியிருக்கலாம். ஆனால் அந்தச் சோதனை உங்களுக்குத் தேவையான விடையைத் தருவதில்லை. 304 என்பது ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் சேர்ந்த எஃகு. விலை அதிகமான நிக்கலைக் குறைத்து, அதற்கு ஈடாக மாங்கனீசைச் சேர்த்துச் செய்வது 202 உள்ளிட்ட 200 வரிசை. அதிலும் மலிவான வகைகளில் குரோமியமும் குறைந்துவிடுகிறது. இந்த இரண்டிலும் காந்தம் ஒட்டாது. காந்தம் ஒட்டுவது 430 போன்ற நிக்கல் இல்லாத 400 வரிசையில்தான். ஆகவே காந்தம் ஒட்டவில்லை என்பதிலிருந்து அது 400 வரிசை இல்லை என்று மட்டுமே சொல்ல முடியும். 304 என்று சொல்ல முடியாது. வேடிக்கை என்னவென்றால், அசல் 304 தகட்டை அச்சில் அழுத்தித் தொட்டியாக இழுக்கும்போது, வளைவுகளில் அதன் உள்ளமைப்பு சற்று மாறுவதால், மூலைகளில் காந்தம் இலேசாக ஒட்டுவதும் உண்டு. அதைப் பார்த்து நல்ல சிங்க்கைத் திருப்பிக் கொடுத்தவர்களையும் நான் அறிவேன்.

சரியான வழி இரண்டு. பழைய இரும்பு வாங்குகிறவர்களும் தகடு வியாபாரிகளும் வைத்திருக்கும் சோதனைத் திரவம் ஒன்று உண்டு. தகட்டின் மேல் ஒரு துளி விட்டு, சிறிய 9 வோல்ட் பேட்டரியின் முனையைத் தொட வைத்தால், மாங்கனீசு மிகுந்த 200 வரிசைத் தகட்டில் துளி சிவந்துவிடும். சிங்க்கின் அடிப்பக்கத்தில், கண்ணில் படாத இடத்தில் செய்து காட்டச் சொல்லுங்கள். இரண்டாவது, பில்லில் தகட்டின் தரத்தையும் கனத்தையும் எழுத்தில் கேளுங்கள்: "304 தரம், 1 மில்லிமீட்டர்" என்று. வாயால் சொல்வதை எழுதிக் கொடுக்கத் தயங்கினால் கடையை மாற்றுவதே மேல். வீட்டு உபயோக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சிங்க்குகளுக்கு ஐ.எஸ். 13983 என்ற தரநிலை இருக்கிறது. அந்த எண் பொறித்த பொருள் கிடைத்தால் அதற்கு முன்னுரிமை கொடுங்கள்.

கனத்தைத் தட்டிப் பார்த்துச் சொல்வார்கள்; அதையும் நம்ப வேண்டாம். இப்போது மெல்லிய தகட்டின் அடியிலும் தடித்த ரப்பர் அட்டை ஒட்டி, தட்டினால் கணீரென்ற ஓசை வராதபடி செய்துவிடுகிறார்கள். தராசில் வைப்பது நல்லது. 24க்கு 18 அங்குல மேலளவும் 9 அங்குல ஆழமும் உள்ள, மடித்துப் பற்றவைத்த ஒற்றைத் தொட்டி 1 மில்லிமீட்டர் தகட்டில் செய்யப்பட்டிருந்தால், தண்ணீர் வடியும் துளையில் வைக்கும் ஜாலியும் அடி அட்டையும் நீங்கலாக ஏறத்தாழ ஐந்தரை கிலோ இருக்க வேண்டும். நான்கு, நாலேகால் கிலோதான் என்றால் தகடு 0.8 மில்லிமீட்டருக்கும் கீழே இருக்கிறது. அச்சில் இழுத்த தொட்டிகளில் தகடு மூலைகளில் மெலிந்துவிடும் என்பதால், விளிம்பை மட்டும் அளந்து கனத்தை முடிவு செய்யாதீர்கள். 1 மில்லிமீட்டருக்குக் குறைந்தால், குக்கரை இறக்கி வைக்கும்போதே அடி அமுங்கிக் குழியாகி, வடியாத தண்ணீர் அங்கே தேங்க ஆரம்பிக்கும். பிறகு உப்பு தன் வேலையைத் தொடங்கிவிடும். கண்ணாடி போன்ற பளபளப்பைத் தவிர்த்து, மெல்லிய கோடு ஓடிய மங்கல் பரப்பை வாங்குங்கள். கீறலும் தண்ணீர்த் தடமும் அதில் எடுத்துக் காட்டாது.

எஃகுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் வழிகாட்டு அளவு இது: குளோரைடு லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை 304 தாங்கும், 1000 வரை, மாலிப்டினம் என்ற உலோகமும் சேர்ந்த 316 வகை எஃகு தாங்கும். இது தண்ணீரோடு இடைவிடாது தொடர்பில் இருக்கும் குழாய்களையும் தொட்டிகளையும் மனத்தில் வைத்துச் சொல்வது. சிங்க்கில் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடுகிறது என்பது உங்களுக்குச் சாதகம். வற்றும் சொட்டு பாதகம். துடைத்து உலர வைக்கும் வீட்டில் 304 இந்த அளவைத் தாண்டியும் நன்றாகவே உழைக்கும், துடைக்காத வீட்டில் அளவுக்குள் இருந்தாலும் புள்ளி விழும்.

கறுப்பு குவார்ட்ஸ் சிங்க் பற்றி உங்கள் மகளின் பக்கமும் நியாயம் இருக்கிறது. குவார்ட்ஸ் அல்லது கிரானைட் துகள் ஏறத்தாழ 80 விழுக்காடும், அதைப் பிணைக்கும் அக்ரிலிக் பிசின் மீதியுமாக அச்சில் வார்த்த பொருள் அது. அதில் துருப்பிடிக்க எதுவும் இல்லை. கடற்காற்றோ உப்புநீரோ அதை அரிக்காது. சோற்றுக் கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க வடித்தாலும் தாங்கும். பாத்திரச் சத்தமும் குறைவு. எனக்குள்ள தயக்கம் நிறத்தில்தான். கடினநீர் காய்ந்தால் மிஞ்சுவது வெள்ளைச் சுண்ணம். அதைக் காட்டிக்கொடுப்பதில் கறுப்பை மிஞ்சிய நிறம் இல்லை. இரவு பாத்திரம் கழுவிவிட்டுத் துடைக்காமல் படுத்தால், காலையில் விளிம்பிலிருந்து ஜாலி வரை வெள்ளைத் திட்டுகள் மாக்கோலம் போலத் தெரியும். சில மாதங்களில் அந்தத் திட்டு கெட்டிப்பட்டு, கறுப்பு சாம்பலாக மாறிவிட்டது போன்ற தோற்றம் வரும். வெள்ளை நிறத்தில் வாங்கினால் மஞ்சளும், எவர்சில்வர் உரசிய சாம்பல் கோடுகளும் தெரியும். எனவே குவார்ட்ஸ் என்று முடிவானால் நடுத்தரச் சாம்பல் அல்லது மணல் நிறமே உங்கள் தண்ணீருக்குப் பொருந்தும். இன்னொன்று: இதில் கனத்த பொருள் கூர்மையாக விழுந்தால் விரிசல் விடும், விரிசல் விட்டதை ஒட்டிச் சரிசெய்து நெடுநாள் ஓட்ட முடியாது. கிரைண்டர் குழவியை சிங்க்கில் வைத்துக் கழுவும் பழக்கம் உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று முதலில் யோசித்துக்கொள்ளுங்கள்.

கடப்பாக் கல்லைக் கொத்தனார் சொல்வதற்குக் காரணம் அது அவருக்குக் கைவந்த வேலை என்பது மட்டுமல்ல. நம் ஊர்களில் இரண்டு தலைமுறைகள் அதில்தான் பாத்திரம் கழுவின. கறுப்பாக இருப்பதால் அதையும் கிரானைட்டைப் போன்றது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது சுண்ணாம்புக் கல் வகையைச் சேர்ந்தது. பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குகிறோமே, அந்தப் புளியின் அமிலம் கடப்பாக் கல்லின் பரப்பையும் சிறிது சிறிதாகத் தின்னும். எலுமிச்சை, மோர், வினிகர் எல்லாம் அப்படியே. மெருகு போய், பரப்பு சொரசொரப்பாகி, அந்தச் சொரசொரப்பில் எண்ணெய்ப் பிசுக்கு பிடிக்கும். தவிரவும், பலகைக் கற்களை ஒட்டிக் கட்டும் தொட்டியில் மூலைக்கு மூலை இணைப்பு இருக்கும். கசிவு அங்கேதான் பிறக்கும். சமையலறைக்குள் வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் கொல்லைப்புறத்தில் மீன் அலசவும், குழவி கழுவவும், பெரிய அண்டா துலக்கவும் ஒரு தொட்டி கட்டிக்கொள்ளுங்கள். தூத்துக்குடியில் மீன் வாங்காத வாரம் இருக்காது; செதிலும் குழவியும் வெளியே போய்விட்டால் உள்ளே இருக்கும் சிங்க்கின் ஆயுள் கூடும். அந்தத் தொட்டியையும் கடப்பாவைவிட கிரானைட்டில் கட்டச் சொல்லுங்கள். அமிலம் அதை எளிதில் தொடாது.

உங்கள் சமையலறைக்கு நான் சொல்வது: சமையலறைக் குழாய்க்கு மாநகராட்சித் தண்ணீர் மட்டுமே வருமாறு இப்போதே தனிக் குழாய் இழுத்துவிடுங்கள். மொட்டை மாடியில் இரண்டு தொட்டிகள் வைத்து, போர் தண்ணீரைக் கழிவறைத் தொட்டிக்கும் வீடு கழுவுவதற்கும் விட்டுவிடலாம். பூச்சு வேலை முடிவதற்குள் இதைச் செய்தால் செலவு சொற்பம். டைல்ஸ் ஒட்டிய பிறகு நினைத்தால் சுவரை உடைக்க வேண்டும். இப்படிச் செய்து, மாநகராட்சித் தண்ணீரின் குளோரைடும் 200க்குள் இருந்தால், 304 தரத்தில் 1 அல்லது 1.2 மில்லிமீட்டர் மங்கல் பரப்பு ஒற்றைத் தொட்டி சிங்க்கே உங்களுக்கு ஏற்றது. குக்கரும் தோசைக்கல்லும் புழங்கும் சமையலறையில், அடி பட்டால் ஒடுங்குமே தவிர உடையாத பொருள் அது ஒன்றுதான். போர் தண்ணீரையே சமையலறையிலும் பயன்படுத்த நேருமானால், சாம்பல் நிறக் குவார்ட்ஸ் வாங்குங்கள். 316 சிங்க் கிடைத்தால் அதுவும் சரியே, விலைதான் கூடுதல். இரட்டைத் தொட்டியைப் பலர் ஆசையோடு வாங்கி, இரண்டிலும் பெரிய தவலை உட்காராமல் தவிக்கிறார்கள். இடமிருந்தால் பெரிய ஒற்றைத் தொட்டியும் பக்கத்தில் பாத்திரம் வடியும் தட்டும் போதும். ஆழம் 8 அல்லது 9 அங்குலத்தோடு நிற்கட்டும். அதற்கு மேல் போனால் அடியைத் தொடக் குனிய வேண்டும், இடுப்பு வலிக்கும்.

பொருத்தும் முறையில் ஓர் எச்சரிக்கை. கிரானைட் மேடைக்கு அடியில் சிங்க்கை வைத்து, சுற்றிலும் சிமெண்ட் குழைத்து மூடிவிடும் வழக்கம் நம் பக்கத்தில் பரவலாக இருக்கிறது. பார்க்க அழகாக இருக்கும், மேடையைத் துடைத்துத் தண்ணீரை நேரே தொட்டிக்குள் தள்ளவும் வசதி. ஆனால் பின்னால் சிங்க்கை மாற்ற வேண்டிய நாள் வந்தால் கிரானைட்டை உடைக்காமல் எடுக்க முடியாது. அடியில் வைப்பதானால், எஃகுச் சட்டத்தின் மேல் அமர்த்தி, சிலிக்கான் பசையால் மட்டும் ஒட்டச் சொல்லுங்கள். சட்டத்தைக் கழற்றினால் சிங்க் கீழே இறங்கிவிடும்.

அடுத்ததாக ஆசிட். ஒரு வீட்டில் ஐந்து ஆண்டுகளாகப் பளிச்சென்று இருந்த சிங்க்கின் அடிப்பக்கமும் அதன் கீழிருந்த இணைப்புகளும் துருவேறி உதிர்ந்ததைப் பார்க்க அழைத்திருந்தார்கள். மேல்பக்கம் குறையே இல்லை. கீழே அலமாரிக் கதவைத் திறந்ததும் மூக்கைத் துளைத்த நெடியே காரணத்தைச் சொல்லிவிட்டது: கழிவறை கழுவும் ஆசிட் பாட்டில், மூடி சரியாக இறுகாமல், மாதக்கணக்கில் அங்கேயே இருந்திருக்கிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் ஆவி மூடிய அலமாரிக்குள் தங்கி, எஃகையும் குரோம் பூச்சையும் அடியிலிருந்தே தின்றுவிட்டது. ஆசிட், பிளீச்சிங் பவுடர் இரண்டையும் சிங்க்குக்கு அடியில் வைக்கவே வேண்டாம்.

குளியலறைக்கு வருகிறேன். மகள் தேர்ந்தெடுத்த மார்பிள் கிண்ணத்தைப் பற்றி மறுத்துச் சொல்ல எனக்கு வருத்தமே. ஆயினும் உங்கள் ஊர்த் தண்ணீருக்கு அது ஆகாது. கடினநீர் காய்ந்து படியும் வெள்ளைக் காரையில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். மார்பிளும் கால்சியம் கார்பனேட்தான். படிந்த காரையைக் கரைக்க வல்ல எந்தத் திரவமும், எலுமிச்சைச் சாறு உட்பட, அதற்குக் கீழே உள்ள கல்லையும் சேர்த்தே கரைக்கும். சுரண்டினால் கீறல் விழும், விட்டுவிட்டால் காரை தடித்துக்கொண்டே போகும். குழாய்த் தண்ணீர் விழும் இடத்தில் ஒரே ஆண்டில் மெருகு போய் மங்கலான வட்டம் விழுந்துவிடும். பக்கத்தில் யாராவது கழிவறை ஆசிட்டைத் தெளித்துவிட்டால் அன்றே நுரைத்துத் தழும்பாகும்.

பீங்கான் அப்படியல்ல. வெள்ளைக் களிமண்ணும் பெல்ஸ்பார் என்ற கனிமமும் குவார்ட்ஸும் சேர்த்து, ஏறத்தாழ 1200 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுட்டு, மேலே கண்ணாடி போன்ற மெருகு உருகிப் படிந்த பொருள் அது. மெருகில் கார்பனேட் கிடையாது. ஆகவே வினிகரில் நனைத்த துணியைக் கால் மணி நேரம் போர்த்தி வைத்தால், காரை கரைந்துவிடும், மெருகு அப்படியே இருக்கும். உப்புநீர் ஊரில் இந்த ஒரு குணத்துக்காகவே நான் எப்போதும் பீங்கான் வாஷ் பேசினைத்தான் சொல்கிறேன். கண்ணாடிக் கிண்ணங்களில் ஒவ்வொரு சொட்டும் தடம் விடும், அடிபட்டால் ஒரேயடியாக நொறுங்கும். செம்பு, பித்தளைக் கிண்ணங்கள் கடற்காற்றில் ஓயாமல் பச்சை பூக்கும். அவற்றைப் பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

பீங்கானிலும் தரம் பார்த்து வாங்க வேண்டும். நன்றாகச் சுட்ட சானிட்டரி பீங்கான் தண்ணீரை உறிஞ்சுவது அதன் எடையில் அரை விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. தரநிலை எண் ஐ.எஸ். 2556. கடையிலேயே இதை ஓரளவு சோதிக்கலாம். பேசினைக் கவிழ்த்து, அடியில் மெருகு பூசாத விளிம்பில் பேனா மையை ஒரு சொட்டு வைத்து, சிறிது நேரம் கழித்து ஈரத்துணியால் துடையுங்கள். மை ஏறக்குறைய முழுவதும் போய்விட்டால் நன்றாக வெந்த பொருள். உள்ளே இழுத்துக்கொண்டு நீலமாகப் படர்ந்தால், அதைத் திருப்பி வைத்துவிடுங்கள். அப்படிப்பட்ட பேசினில்தான் சில ஆண்டுகளில் மெருகுக்குள் தலைமுடி போன்ற வெடிப்புகள் ஓடும். விரல் கணுவால் தட்டினால் மணியோசை வர வேண்டும். மொட்டையான ஓசை வந்தால் எங்கோ விரிசல். பிறகு கைப்பேசி விளக்கைப் பரப்பை ஒட்டிச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மெருகில் உள்ள ஊசித் துளைகள் அப்போதுதான் தெரியும். அழுக்கு முதலில் குடிகொள்வது அந்தத் துளைகளில்தான்.

மேடைமேல் கிண்ணம் வைக்கும் அமைப்பையே மறுபரிசீலனை செய்யுங்கள் என்பேன். கழுவும் விளிம்பின் உயரம் தரையிலிருந்து 32 முதல் 34 அங்குலம் இருந்தால் கைக்கு வாகாக இருக்கும். கொத்தனார் வழக்கப்படி 32 அங்குலத்தில் மேடையைக் கட்டி, அதன்மேல் 6 அங்குலக் கிண்ணத்தை வைத்தால் விளிம்பு 38க்குப் போய்விடும். முகம் கழுவும்போது தண்ணீர் முழங்கை வழியாகச் சட்டைக்குள் ஓடும். கிண்ணம்தான் வேண்டும் என்றால் மேடையை 27 அங்குலத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். கிண்ணத்தின் அடியும் மேடையும் சேரும் வளையத்தில் அழுக்கு சேர்வதைத் தவிர்க்க முடியாது என்பதையும் மகளிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் வயதை மனத்தில் கொண்டு இன்னொன்றும் சொல்ல விரும்புகிறேன். குளியலறையில் கால் சற்று தடுமாறினால் கை முதலில் தேடிப் போவது வாஷ் பேசினைத்தான். சுவரில் இரண்டு போல்ட்டில் தொங்கும் பேசின் அந்த எடையைத் தாங்கும் என்று நம்ப முடியாது. பீங்கான் உடைந்தால் அதன் முனை கத்தியைப் போல வெட்டும். எனவே சுவரில் பதிக்கும் பேசினுக்கு அடியில் தூண் அல்லது அரைத்தூண் தாங்கல் கொடுங்கள். அல்லது கிரானைட் மேடைக்கு அடியில் பதியுங்கள். எதுவானாலும், பேசினுக்குப் பக்கச் சுவரில் ஒரு கைப்பிடியைத் தனியாகப் பொருத்த, பூச்சு வேலை நடக்கும் இப்போதே இடம் குறித்து வையுங்கள். கைப்பிடியை 304 குழாயில் வாங்குங்கள்.

தண்ணீர் வெளியேறும் இணைப்பை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் உப்புநீரில் முதலில் துருப்பிடிப்பது பெரும்பாலும் மலிவான அந்த வேஸ்ட் கப்ளிங்தான், பழி பேசின் மேல் விழுகிறது. பித்தளையில் குரோம் பூசியது நல்லது. பேசின் நிரம்பி வழியாமல் தண்ணீரை வெளியேற்றும் மேல் துளை அதில் இருந்தால் ஹாஃப் திரெட், துளை இல்லாவிட்டால் ஃபுல் திரெட் என்று கேட்டு வாங்குங்கள். மாற்றிப் பொருத்தினால், மேல் துளை வழியாக வரும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் போகும், அல்லது அடியில் கசியும்.

எல்லாவற்றையும் வாங்கிய பிறகு, பொருத்தும் நேரத்தில் அவசரப்படாதீர்கள். டைல்ஸ் வேலை முடிந்ததும் சிமெண்ட் கறையை ஆசிட் ஊற்றிக் கழுவுவார்கள். கம்பிக் கதவை வெட்டும்போது பறக்கும் இரும்புப் பொறி ஜன்னல் வழியாக வந்து சிங்க்கில் ஒட்டி, ஒரே வாரத்தில் நூறு துருப் புள்ளிகளாக மலரும். இவ்விரண்டும் முடிந்த பின்பே சிங்க்கைப் பொருத்தச் சொல்லுங்கள். முன்னமே பொருத்தித்தான் ஆக வேண்டும் என்றால் தடித்த அட்டையால் மூடி ஒட்டிவிடுங்கள். மேலே ஒட்டி வரும் பிளாஸ்டிக் தாளைக் குடிபுகும் வாரத்தில் உரித்தால் போதும். ஆனால் வெயில் படும் இடத்தில் மாதக்கணக்கில் விட்டால் பசை இறுகி உரிக்க வராது.

தண்ணீர் அறிக்கை கைக்கு வந்ததும் இரண்டு பாட்டில்களின் குளோரைடு, கடினத்தன்மை எண்களை எனக்கு எழுதுங்கள். குளோரைடு 200க்கும் 400க்கும் இடையில் இருந்தால் 304ஆ குவார்ட்ஸா என்பதை, உங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுவது யார், கழுவிய பின் துடைத்து வைக்கும் வழக்கம் உண்டா என்பதையும் கேட்டுக்கொண்டுதான் என்னால் சொல்ல முடியும். அதையும் சேர்த்தே எழுதிவிடுங்கள்.